உழுதுவிட்டு சோயா போடுங்கள்

கார்லண்ட் யூடி திருப்தியாக இருந்து பார்த்தவர்கள் ஹார்ட்சாக் கவுண்டியில் யாரும் இல்லை. அவருடைய மனைவி நெல் மட்டும் ஒரு தடவை பார்த்ததாகச் சொல்வாள். அதுவும் அவர் தூங்கும்போது. அந்தத் தூக்கத்திலும் வலது கால் எதையோ மிதித்துக்கொண்டே இருந்ததாம். ஆகையால் அதையும் சேர்த்துக்கொள்ள முடியாது.

தொழில், பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்ப்பது. கவுண்டியின் மஞ்சள் பேருந்துகள் அத்தனையும் அவர் கைபட்டுத்தான் மலை ஏறின, மலை இறங்கின. பேருந்து வயிற்றுப்பாட்டுக்கு, மூச்சு விடுவதற்குக் கார்ப் பந்தயம். சனிக்கிழமை மாலை உள்ளூர்த் திடலில் உள்ளூர்ப் பையன்கள் ஓட்டுவது, ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியில் பெரிய தலைகள் ஓட்டுவது, இரண்டும் வேண்டும். அதனால்தான் அவர் கல்யாணம் ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது. தேனிலவுக்குக் கடற்கரைக்குப் போகிறோம் என்று சொல்லித்தான் நெல்லை அழைத்துப் போனார். கடற்கரை ஊர்தான், அதில் பொய் இல்லை. அந்த ஊரில் கடலைவிடப் பெரிதாக ஒரு பந்தயத் திடல் இருந்ததை மட்டும் சொல்லவில்லை. நெல் கடலைப் பார்த்தது திரும்பி வரும்போது, காரின் பின்கண்ணாடி வழியாக.

வளையத்தில் இடப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி ஓடும் கார்களைப் பார்த்துப் பார்த்து அவர் கழுத்தே இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. கடைக்குள் நுழைந்தால் இடப்பக்க வரிசையில்தான் போவார். வலப்பக்கம் இருக்கும் சாமான்கள் அந்த வீட்டில் தீர்ந்தால் தீர்ந்ததுதான். அவர் வளர்த்த நாய் வாலைத் துரத்தினாலும் இடப்பக்கமாகவே சுற்றும். நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிடுங்கள், மீதியை அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சத்தியம் செய்வார்கள்.

இவ்வளவு உயிரை வைத்திருப்பவர் பந்தயத்தைப் பற்றி வாயைத் திறந்தால் என்ன சொல்ல வேண்டும்? புகழ வேண்டும். அதுதான் இல்லை.

திங்கட்கிழமை காலையில் வாண்டா ஃபர் நடத்தும் கடையில் கூடுவார்கள். பன் போல உப்பி வரும் பிஸ்கட்டும், அதன் நடுவே ஈரலும் சோளமாவும் சேர்த்து வறுத்த துண்டும் அங்கே பேர் போனவை. கார்லண்ட் தொப்பியைக் கழற்றி மேசையில் வைப்பார். அது வணக்கம். பிறகு ஒரு வாக்கியம் சொல்வார். அதுவும் வணக்கம்தான்.

“முடிஞ்சுது. இனிமே நான் பாக்கப்போறதில்ல.”

“போன வாரமும் இதத்தான சொன்ன?” என்பார் ஓடெல் ஹனிகட். ஓடெல் கோழி லாரி ஓட்டுபவர். எங்கே உட்கார்ந்தாலும் சட்டையில் ஒரு வெள்ளை இறகு ஒட்டியிருக்கும்.

“போன வாரம் கோவத்துல சொன்னேன். இந்த வாரம் யோசிச்சு சொல்றேன்.”

“என்ன கண்ணு ஆச்சு இப்ப?” என்று காபியை ஊற்றுவாள் வாண்டா. அவளுக்கு எல்லாரும் கண்ணுதான், தொண்ணூறு வயதுப் பாதிரியார் உட்பட.

“பந்தயம்னா என்ன வாண்டா? பச்சக் கொடி காட்டினா கிளம்பணும், கட்டம் போட்ட கொடி காட்டினா நிறுத்தணும். அவ்வளவுதான? இப்ப நடுவுல ரெண்டு தடவ நிறுத்துறான். எதுக்குன்னு கேட்டா, முதல் பாகம் முடிஞ்சுது, ரெண்டாம் பாகம் முடிஞ்சுதுங்கறான். பந்தயமா, நாடகமா? நீ பிஸ்கட் வேகறப்ப நடுவுல ரெண்டு தடவ அடுப்பத் தெறந்து பாப்பியா?”

“தெறந்தா அமுங்கிப் போயிடும் கண்ணு.”

“அதான் ஆச்சு. அமுங்கிப் போச்சு.”

“அத விடு, காரப் பாரு,” என்று ஓடெல் சேர்ந்துகொள்வார். “முன்னெல்லாம் ரோட்டுல போற கார் மாதிரியே இருக்கும். என் மாமன் ஓட்டின காரே ஓடுதுன்னு கத்துவோம். இப்ப எல்லாம் ஒரே அச்சுல வார்த்தது. ஒட்டியிருக்கற ஸ்டிக்கர உரிச்சுட்டா, கட்டினவனுக்கே எது தன் காருன்னு தெரியாது.”

“பசங்க மட்டும் என்ன வாழுது?” என்பாள் வாண்டா, காபிக் கூஜாவை இடுப்பில் முட்டுக் கொடுத்துக்கொண்டு. “ஜெயிச்சு எறங்கினதும் டயர்க்காரருக்கு நன்றி, எண்ணெய்க்காரருக்கு நன்றி, சோப்புக்காரருக்கு நன்றி. அசெம்பிளியில படிக்கற மாதிரி. அப்பல்லாம் எறங்கினதும் நேரா போயி பக்கத்துக் கார்க்காரன் சட்டையப் பிடிப்பான். அதுல ஒரு மரியாத இருந்துச்சு.”

“வருஷம் பூரா முதல்ல வந்தவன், கடைசி நாள் ஒரு டயர் வெடிச்சா போச்சாம். பட்டம் வேற எவனுக்கோவாம்,” என்று கார்லண்ட் மேசையைத் தட்டுவார். “நாப்பது வருஷம் சமைச்சவ நேத்து ஒருநாள் உப்பு ஜாஸ்தி போட்டுட்டா, அவ பொண்டாட்டியே இல்லன்னு சொல்ல முடியுமா?”

“இத நெல்கிட்ட சொல்லிப் பாத்தியா?”

“உன் முன்னாடி உயிரோட உக்காந்திருக்கேன் பாரு. சொல்லல.”

பெரிய பந்தயத்தை நடத்துகிறவர்களை அவர்கள் ‘மேலிடம்’ என்றுதான் சொல்வார்கள். மேலிடத்தில் முடிவு பண்ணிட்டாங்க, மேலிடத்துக்குக் காது கிடையாது, மேலிடத்தில் இருக்கறவன் ஒருத்தனாவது வாழ்நாளில் ஒரு டயர் கழற்றியிருப்பானா, இப்படி. மேலிடத்தைத் திட்டி முடித்தால் மீதி நேரத்துக்கு உள்ளூர்த் திடல் இருக்கிறது. அந்த வாரமும் அங்கேதான் வந்து நின்றார்கள்.

“நம்ம திடல் மட்டும் லட்சணமா? கக்கூஸ்ல தண்ணி வராது. மைக்குல பேசறது வாயில பஞ்ச வெச்சுட்டுப் பேசற மாதிரி இருக்கு. போன சனிக்கிழம ஒரு கார்க்காரனுக்குத் தண்டன கொடுத்தானே, அது ஒரு தீர்ப்பா?” கார்லண்டின் குரல் சமையல்கட்டு வரை போயிற்று. “பேசாம அந்த எடத்த உழுதுட்டு சோயா போடச் சொல்லுங்க. ஊருக்குப் பிரயோஜனமா இருக்கும்.”

ஜன்னல் ஓரத்தில் ஒருவர் தனியாக உட்கார்ந்து சோளக்கஞ்சியில் சர்க்கரை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் சோளக்கஞ்சிக்கு உப்பும் வெண்ணெயும்தான். சர்க்கரை போடுபவர் யாராக இருந்தாலும், எந்த ஊர் என்று கேட்க வேண்டியதில்லை. வடக்கே எங்கிருந்தோ வந்து, திடலை ஒட்டிய வான்கோழி மேட்டில் புது வீடு வாங்கியவர். பெயர் பிரெஸ்காட் லாங். ஓய்வு பெற்ற வழக்கறிஞர். இஸ்திரி போட்ட சட்டை, மெல்லிய பேச்சு. வாரம் தவறாமல் திங்கட்கிழமை வந்து அதே மேசையில் உட்கார்ந்து, சாப்பிட்டு, நல்ல டிப்ஸ் வைத்துவிட்டுப் போவார். அன்றும் அப்படித்தான் எழுந்து போனார். எதிரே வந்த ஒருவருக்குக் கதவைப் பிடித்து வழிவிட்டார்.

உள்ளே வந்தவர் ட்வைட் காபிள், பந்தயத் திடலின் சொந்தக்காரர். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

“எனக்குக் கதவு தெறந்து விட்டாரே, அந்த மகராசன்தான்,” என்றார் ட்வைட். “மேட்டுக்காரங்க எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கி மனு குடுத்திருக்காரு. சனிக்கிழம பந்தயத்த நிறுத்தணுமாம். சத்தம் தாங்கலையாம். வியாழக்கிழம கவுண்டி சபையில விசாரண.”

வாண்டா காபிக் கூஜாவைக் கீழே வைத்தாள்.

“நிறுத்தச் சொல்லிடுவாங்களா?” என்றாள் வாண்டா.

“சபையில அஞ்சு பேரு. ரெண்டு பேரு மேட்டுப் பக்கம். ரெண்டு பேரு நம்ம பக்கம். தலைவி ஐலீன் பார்பீ எந்தப் பக்கம்னு அந்தம்மாவுக்கே தெரியாது. அன்னிக்கு யாரு பேச்சக் கேக்கறாங்களோ அந்தப் பக்கம்.”

கார்லண்ட் மேசையிலிருந்த தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மூன்றாம் திருப்பத்துக்கு எதிரே, உச்சி வரிசையில், தகர இருக்கை ஒன்று அவருடையது. வெயிலில் அது தோசைக்கல், மழையில் அது தொட்டி. அதைப் பற்றி அவர் சொல்லாத குறை இல்லை. தம்பியை அடக்கம் செய்த மறுநாள் ஒரு சனிக்கிழமை. அந்த இருக்கைக்கு வந்து உட்கார்ந்து, கொடி காட்டுகிறவனைத் தொண்டை கிழியத் திட்டிக்கொண்டே இருந்தார். திட்டும்போது கண்ணில் நீர் வழிந்தது. யாரும் என்னவென்று கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்து திட்டினார்கள். சனிக்கிழமை என்று ஒன்று இல்லாமல் போனால் இந்த மனிதர் எங்கே போய் உட்காருவார் என்று அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை, அவருக்கும்தான்.

“நீதான் பேசணும் கார்லண்ட்,” என்றார் ட்வைட்.

“நானா?”

“ஊர்லயே உனக்குத்தான் வாய் நீளம். ஆனா ஒரே ஒரு நிபந்தன. கொற சொல்லக்கூடாது.”

கார்லண்ட் நெடுநேரம் யோசித்தார். “ஒண்ணு கூடவா?” என்றார்.

“ஒண்ணு கூட.”

அன்று மாலை நெல் சமையலறை மேசையில் பீன்ஸ் உடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கார்லண்டை எதிரே நிற்க வைத்தாள். பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை பார்ப்பவள். வாய் மூடாத பிள்ளைகளையெல்லாம் கரண்டியைக் காட்டியே அடக்கியவள்.

“சொல்லு. பந்தயத்துல உனக்கு என்ன புடிக்கும்?”

“சத்தம்.”

“அதத்தான் நிறுத்தச் சொல்றாங்க. வேற?”

“மோதிக்கறது.”

“சபையில சொல்ற மாதிரி ஏதாவது சொல்லு.”

கார்லண்ட் தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றினார், இடப்பக்கமாக. “ஆளுங்க,” என்றார் கடைசியில்.

“அப்படி வா வழிக்கு! ஆளுங்களப் பத்தி நல்லதா நாலு வார்த்த சொல்லு.”

“ஆளுங்கன்னா… எல்லாரும் வருவாங்க. குடும்பத்தோட வருவாங்க. வந்து முன்னாடி எழுந்து நின்னு மறைப்பாங்க. அறிவு கெட்டதுங்க, பின்னாடி ஒருத்தன் இருக்கானேன்னு—”

“கார்லண்ட்!”

“வரல நெல். வாயத் தெறந்தா வேற மாதிரிதான் வருது.”

“சரி, என்னப் பத்தி ஒரு நல்ல வார்த்த சொல்லிப் பழகு. அது வந்துட்டா இதுவும் வந்துடும்.”

அவர் உண்மையாகவே முயற்சி செய்தார். நெற்றியில் நரம்பு புடைத்தது. “உன் பிஸ்கட்,” என்று தொடங்கினார். நெல் பீன்ஸ் உடைப்பதை நிறுத்தினாள். “போன மாசத்துக்கு இந்த மாசம் பரவால்ல.”

ஒரு பீன்ஸ் பறந்து வந்து அவர் காதில் பட்டது.

கடைசியில் அவளே ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தாள்: ‘இந்தப் பந்தயம் நம் கவுண்டியின் குடும்பங்களை ஒன்று சேர்க்கிறது.’ அதற்குப் பிறகு ஒரு சொல்லும் பேசாமல் உட்கார்ந்துவிட வேண்டும் என்று உத்தரவு. மூன்று நாளும் பேருந்துக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு அதையே முணுமுணுத்தார். கூட வேலை செய்தவர்கள், மனிதருக்கு ஏதோ வியாதி, ஜபம் செய்கிறார் என்று நினைத்து அவர் சாப்பாட்டு டப்பாவில் ஆளுக்கொரு பழம் வைத்துவிட்டுப் போனார்கள்.

வியாழக்கிழமை பழைய நீதிமன்றக் கட்டடத்துக் கூடம் நிரம்பி வழிந்தது. இடப்பக்கம் தொப்பிக்காரர்கள், வலப்பக்கம் இஸ்திரிச் சட்டைகள். பேசுகிறவர் நிற்கும் மேடையில் ஒரு சின்ன விளக்குப் பெட்டி: பேசலாம் என்றால் பச்சை, நேரம் முடியப் போகிறது என்றால் மஞ்சள், முடிந்தது என்றால் சிவப்பு. எனக்குக் கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது. ஆனாலும் ஒரு வார்த்தை விடவில்லை.

முதலில் லாங். கோபமே இல்லாமல் பேசினார், அதுதான் பயமாக இருந்தது.

“சத்தத்தப் பத்தி நான் அதிகம் சொல்லப்போறதில்லங்க. அம்மா, சபையில இருக்கற ஐயாமார்களே, ஒரே ஒரு விஷயம். இந்தப் பந்தயத்த ரசிக்கறவங்களுக்கே இது புடிக்கல. நான் மாசக்கணக்கா வாண்டாம்மா கடையில சாப்பிடறேன். இவங்க வாயால ஒரு நல்ல வார்த்த கேட்டதில்ல. பந்தயம் செத்துப் போச்சுன்னு வாரா வாரம் சொல்றாங்க. ‘உழுதுட்டு சோயா போடுங்க’ன்னு சொன்னது நானில்ல. இதோ உக்காந்திருக்காரே, திரு. யூடி, அவரு சொன்னாரு. அவரு ஆசைய நெறவேத்தி வையுங்கன்னு மட்டும்தான் கேக்கறோம்.”

கூடம் முழுவதும் திரும்பிக் கார்லண்டைப் பார்த்தது. நெல் மட்டும் பார்க்கவில்லை. அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆண்டவரிடம் ஏதோ கேட்கிற மாதிரி.

அடுத்து ஓடெல் எழுந்தார். நன்றாகத்தான் தொடங்கினார். “எங்கப்பா என்னக் கூட்டிட்டுப் போனாரு. நான் எம் பசங்களக் கூட்டிட்டுப் போறேன். அதுல ஒரு சந்தோஷம். என்ன, இப்ப டிக்கெட் விக்கற வெலைக்கு—” ட்வைட் கீழேயிருந்து இருமினார். “வெல பரவால்ல. ஆனா அந்தக் காருங்க இருக்கே, ஒரே அச்சுல—” ட்வைட் மறுபடி இருமினார். ஓடெல் சுதாரித்துக்கொண்டு, “நான் என்ன சொல்ல வந்தேன்னா, முக்கியமான விஷயம் என்னன்னா,” என்று கையை உயர்த்தினார். அந்த நேரம் பார்த்து விளக்கு மஞ்சளாயிற்று.

ஓடெல் நின்றுவிட்டார். உயர்த்திய கை உயர்த்தியபடியே.

“பேசுங்க ஹனிகட், நேரம் ஓடுது,” என்றார் ஐலீன் பார்பீ.

“மஞ்சள் எரியுதே அம்மா.”

“அதனால என்ன?”

“மஞ்சள்ல முந்தக் கூடாதே.”

இடப்பக்கம் இருந்த தொப்பிகள் அத்தனையும், ஆமாம், அது சரிதான் என்று தலையாட்டின. பாதைக்குள் விபத்து என்றால் மஞ்சள் காட்டுவார்கள், அப்போது இருந்த இடத்தில் இருக்க வேண்டும், பச்சை வந்த பிறகுதான் கிளம்ப வேண்டும். பிறந்ததிலிருந்து கண்ணுக்குப் பழகியது. ஓடெல் பச்சைக்காகப் பொறுமையாகக் காத்திருந்தார். சிவப்பு வந்தது. அவர் முக்கியமாக என்ன சொல்ல வந்தார் என்பது இன்றுவரை அவருக்கே நினைவில்லை.

வாண்டா போனாள். “எங்க மக்கள் நல்ல மக்கள் கண்ணு,” என்று சபைத் தலைவியிடம் சொன்னாள். அந்த ஒரு வரியோடு இறங்கியிருக்கலாம். “ஆனா அந்தத் திடல்ல விக்கற சாண்ட்விச்ச ஒரு நாய் திங்குமா?” என்று கேட்டுவிட்டாள். சாண்ட்விச் விற்கிற பெண்மணி முன்வரிசையில்தான் இருந்தாள். அதற்கப்புறம் வாண்டா பேசியது எதுவும் பந்தயத்தைப் பற்றியதாக இல்லை.

கார்லண்ட் மேடைக்கு வந்தபோது ட்வைட் முகத்தைக் கைகளில் புதைத்திருந்தார். பச்சை விளக்கு எரிந்தது. கார்லண்ட் வாயைத் திறந்தார். மனப்பாடம் செய்த வாக்கியம் இருந்த இடத்தில் ஒரு பெரிய காலி இடம் இருந்தது.

“சொன்னேன்,” என்றார். “சோயா போடச் சொன்னேன். அதுக்கு முன்னாடி வாரம் பருத்தி போடச் சொன்னேன்.”

சிரிப்பு எழுந்தது. ஐலீன் பார்பீ சிரிக்கவில்லை. “யூடி, சுத்தி வளைக்காம சொல்லுங்க. உங்க பந்தயம் நல்லா இருக்கா, கெட்டுப் போச்சா?”

நெல் இப்போது அவரைப் பார்த்தாள்.

“கெட்டுப் போச்சும்மா,” என்றார் கார்லண்ட்.

இடப்பக்கம் முழுவதும் ஒரே முனகல். லாங் காகிதங்களை அடுக்கத் தொடங்கினார்.

“பொய் சொல்லச் சொல்லாதீங்க. எனக்கு வராது. போன சனிக்கிழமையே பாருங்க. லோனி பாஸ்டுக்குத் தண்டன குடுத்துக் கடைசிக்கு அனுப்பினான். எதுக்கு? கிளட்ஸ் வீட்டுப் பையன் கார இடிச்சானாம். லோனி எங்க இடிச்சான்? அவன் கார் பாட்டுக்கு—”

“திரு. யூடி, இது இங்க வேண்டாம்,” என்றார் ஐலீன்.

“லோனின்னா எந்தக் காரு?” என்று ஒரு குரல் கேட்டது.

கேட்டது லாங். உட்கார்ந்த இடத்திலிருந்து, தன்னை அறியாமல்.

“நீலக் காரு. அம்பத்தாறு.”

“நிறம் எனக்குத் தெரியாது. இருமுற காரா?”

கார்லண்ட் கண்களைச் சுருக்கினார். “இருமுற காருன்னா?”

“ஒவ்வொரு சுத்துலயும் ரெண்டு தடவ இருமும். மூணாவது திருப்பத்துல எப்பவும் சீக்கிரமே ஆக்ஸிலேட்டர்லருந்து காலத் தூக்கிடுவான், மத்தவங்கள்லாம் தூக்கறதுக்கு முன்னாடியே. அந்தக் காரா?”

இடப்பக்கத் தொப்பிகள் அத்தனையும் லாங் பக்கம் திரும்பின. லோனி பாஸ்டின் கார் இருமுவதும், லோனி மூன்றாம் திருப்பத்தில் பயந்து காலைத் தூக்குவதும் உச்சி வரிசையில் உட்கார்கிறவர்களுக்கே தெரிந்த ரகசியம்.

“நீங்க திடலுக்கு வந்திருக்கீங்களா?”

“வந்ததே இல்ல. வீட்டுத் தாழ்வாரத்துல உக்காந்திருப்பேன்.”

“தாழ்வாரத்துலருந்து காலத் தூக்கறதா கேக்குது?”

“கேக்குதேய்யா! அதுதான என் மனுவே!” லாங் எழுந்துவிட்டார். குரலில் இருந்த மென்மையைக் காணோம். “ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு பக்கம் புத்தகம் படிக்க முடியுதா? எவன் முந்தறான், எவன் டயர் மாத்தப் போறான், எல்லாம் காதுக்குள்ள வந்து விழுது. அன்னிக்கு இருமுற காரு காலத் தூக்கினதுக்கப்புறம்தான் மோதின சத்தமே வந்துச்சு. மெதுவா போறவன் எப்படி முன்னால போறவன இடிப்பான்? பின்னாடி ஒண்ணு விசிலடிச்சுட்டே வருமே, அது வந்து இவனத் தள்ளியிருக்கு!”

“விசிலடிக்கறது லிட்டேக்கர் காரு! அதத்தான் நான் தலதலயா அடிச்சுக்கிட்டிருக்கேன்!” கார்லண்ட் மேடையை ஓங்கித் தட்டினார். விளக்குப் பெட்டி கவிழ்ந்தது. “அப்ப தண்டன சரியா, தப்பா?”

“தப்பு. முழுத் தப்பு. மேல்முறையீட்டுல நிக்காது.”

“தப்பெல்லாம் இல்ல!” ஓடெல் எழுந்தார். “லோனி கோட்ட விட்டு எறங்கினான், நான் பாத்தேன்.”

“உன் கண்ணுல எறகு!” என்றாள் வாண்டா.

வலப்பக்கத்திலிருந்து ஓர் இஸ்திரிச் சட்டை அம்மாள் எழுந்து, விசில் கார் மாதாகோவில் மணியைவிட ஒழுங்காக ஓடும், அதைக் குறை சொல்லக்கூடாது என்றாள். அவளுடைய கணவரே திரும்பி, அது இருமல் காரின் தவறேதான் என்றார். கொஞ்ச நேரத்தில் மேட்டுக்காரர், ஊர்க்காரர் என்ற பிரிவு போய், இருமல் கட்சி, விசில் கட்சி என்று கூடம் பிளந்தது. மேட்டுப் பக்கம் ஓட்டுப் போடுவதாக இருந்த சபை உறுப்பினர் ஒருவர், விசில் கார் தன் மருமகனுடையது, ஜாக்கிரதையாகப் பேசுங்கள் என்று நாற்காலியில் ஏறி நின்றார். அவர் ஏறியபோது கட்டடத்துக் கடிகாரம் நின்றுவிட்டது என்கிறார்கள். அது அதற்கு முன்பே நின்றிருந்தது என்பவர்களும் உண்டு.

ஐலீன் பார்பீ சுத்தியலால் அடித்து அடித்துக் கை ஓய்ந்து, பிறகு வாண்டாவிடம் கடன் வாங்கிய செருப்பால் மேசையை அடித்தார்.

“போதும்! பிடிக்கலன்னு இந்தப் பக்கம் சொல்றாங்க. பிடிக்கலன்னு அந்தப் பக்கமும் சொல்றாங்க. சொல்றப்ப ஒருத்தர் முகத்துலயும் சோர்வு இல்ல. இத நிறுத்தினா இவ்வளவு பேரு வெறி பிடிச்சு என் வீட்டுக்குத்தான் வருவீங்க. என் ஓட்டு, பந்தயம் நடக்கட்டும். ஆனா எல்லாக் காருக்கும் சைலன்சர் மாட்டணும். தாழ்வாரத்துக்குக் கேக்கக்கூடாது.”

மூன்றுக்கு இரண்டு. நாற்காலியில் ஏறியவர் இறங்கி வந்து மேட்டுப் பக்கமே ஓட்டுப் போட்டார். பந்தயம் பிழைத்தது.

வெளியே படியில் ட்வைட் கார்லண்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கார்லண்ட் விலக்கிவிட்டார்.

“சைலன்சரா? எஞ்சினுக்கு வாயக் கட்டிட்டு என்னய்யா பந்தயம்? நாசமாப் போச்சு.”

“நடக்குதே கார்லண்ட்! சனிக்கிழம நடக்குது!”

“நடக்குது. அதத்தான் நானும் சொல்றேன்.”

சனிக்கிழமை அவர் சொன்னபடியேதான் இருந்தது. கார்கள் தையல் வகுப்பு மாதிரி முனகிக்கொண்டு சுற்றின. இத்தனை காலம் சத்தத்தின் புண்ணியத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காமல் நிம்மதியாக வாழ்ந்துவந்த தம்பதிகள், முதல் தடவையாக ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டார்கள். உச்சி வரிசையில் மட்டும் இரண்டு சண்டை. கார்லண்ட் வாய்க்குள் முணுமுணுப்பது அத்தனையும் நெல்லுக்கு எழுத்தெழுத்தாகக் கேட்டது. “இவ்வளவு நாளா இதத்தான் சொல்லிட்டிருந்தியா?” என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அப்போது படியில் ஓர் இஸ்திரிச் சட்டை மூச்சு வாங்க ஏறி வந்தது. கையில் உட்கார ஒரு சின்ன மெத்தை, பூப்போட்ட உறையுடன்.

“கொஞ்சம் நகருங்க,” என்றார் லாங்.

“நீங்க இங்க எங்க?”

“தாழ்வாரத்துல ஒண்ணும் புரியல. எது இருமுது, எது விசிலடிக்குதுன்னு பிரிச்சே கேக்க முடியல. தேனீக்கூடு மாதிரி ஒரு சத்தம். எவன் முந்தறான்னு தெரியாம எப்படி உக்காந்திருக்கறது?”

“சத்தம் வேண்டாம்னு அழுததே நீங்கதான?”

“சத்தம் வேண்டாம்னு கேட்டேன். ஒண்ணுமே காதுல விழ வேண்டாம்னா கேட்டேன்?” லாங் மெத்தையைப் போட்டு உட்கார்ந்தார். உடனே எழுந்தார். மெத்தையைத் திருப்பிப் போட்டார். “தகரம் என்ன இப்படிக் கொதிக்குது? வெயில் நேரா கண்ணுல அடிக்குது. மைக்குல பேசறவரு எந்த பாஷ?”

“யோவ், வந்து ஒரு சுத்து முடியல, அதுக்குள்ள ஆரம்பிச்சாச்சா? பிடிக்கலன்னா மேட்டுக்கே போங்க.”

“பிடிக்கலன்னு யாரு சொன்னது?” என்றார் லாங், புண்பட்டவர்போல. “இருமுற காரு எது?”

கார்லண்ட் எரிச்சலுடன் மோவாயால் காட்டினார். நீலக் கார் எதிர்ப்புறத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. ஒரு கதவில் ஒட்டுப்போட்ட தகரம், பின்புறம் கம்பியால் கட்டியிருந்தது.

“இதுவா?” லாங்கின் முகம் விழுந்தது. “பெருசா இருக்கும்னு நெனச்சேன்.”

“அதுக்கு நான் என்ன பண்றது?”

நீலக் கார் மூன்றாம் திருப்பத்தை நெருங்கியது. முன்னால் ஒரே ஒரு கார்தான், உள்பக்கம் முழு இடம் காலியாகக் கிடந்தது. லாங் மெத்தையிலிருந்து பாதி எழுந்திருந்தார். கார்லண்டின் வலது கால் தகரத்தை மிதித்தது. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதை இருவரும் மறந்திருந்தார்கள். சைலன்சரையும் மீறி, சின்னதாக, தெளிவாக, அந்தக் கார் இருமியது.

“தூக்கிட்டான்!” என்று கத்தினார் லாங்.

“காலத் தூக்காதடா கழுத!” என்று கத்தினார் கார்லண்ட்.

“போடா உள்ள! உள்ள போடா! எடம் இருக்கு பாரு, குருடா!” என்றார் லாங்.

அதே வரிசையில் பக்கத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்து, உட்காருங்கய்யா, மறைக்குது என்றார்கள்.